மூன்று மாநில எல்லையில் ஒரு குழந்தையின் வழக்கு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை ஒட்டிய மண்டலம் சாந்திபுரம். மேற்கே சிறிது தூரத்தில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இருக்கிறது. தெற்கே குப்பத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தப் பக்கத்தில் மாநில எல்லை பார்த்து நடப்பதில்லை. பெண் வீடு ஆந்திரத்திலும் மாப்பிள்ளை வீடு தங்கவயலிலும் இருக்கும்; கல்யாணம் திருமலையிலோ கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்டபத்திலோ முடிந்திருக்கும்; குடித்தனம் பெங்களூரில் நடந்திருக்கும். அப்படிப்பட்ட மணவாழ்க்கை முறியும்போது, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்விக்கு முன்பே வேறொரு கேள்வி வந்து நின்றுவிடுகிறது: எந்த ஊர்க் கோர்ட்டில் மனுப் போடுவது? இந்த வட்டாரத்தில் மணமுறிவுச் சட்டத்தின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளும் பின்னிப் பிணைந்த வரலாறு.

கோர்ட்டுக்கு முன்பு பஞ்சாயத்து இருந்தது. சாஸ்திர முறைத் திருமணத்துக்கு முறிவே கிடையாது என்று இந்து சட்ட நூல்கள் சொன்னாலும், உழைத்துப் பிழைத்த பெரும்பாலான சாதிகளில் ‘தீர்த்துவிடும்’ வழக்கம் இருந்தது. சாதிப் பெரியவர்கள் கூடுவார்கள், பரிசப் பணமும் நகையும் கணக்குப் பார்க்கப்படும், தாலி திரும்பும். தெற்கே சில சாதிகளில் கூட்டத்தார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தாலே உறவு முடிந்ததாகக் கொண்டார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு பதிவு செய்கிறது. பெண் மறுமணம் செய்துகொள்ளவும் தடை இல்லை. அந்த அளவில் அது இறுக்கமான சட்டத்தைவிட இரக்கமான ஏற்பாடுதான். பிள்ளைகள் விஷயத்தில் அந்த இரக்கம் நின்றுவிட்டது. பால்குடி மறக்கும்வரை தாயிடம், பிறகு தகப்பன் வீட்டுக்கு என்பதே பொதுவான தீர்ப்பு. நிலத்துக்கு வாரிசும் ஏருக்கு ஆளும் தகப்பன் வழியில்தான் வர வேண்டும் என்ற கணக்கு அது. பிள்ளையைக் கேட்கும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் கோர்ட்டுகள் இந்த வழக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. சாதி வழக்கப்படி இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதிலும் மறுபடி மணப்பதிலும் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 1894-ல் சங்கரலிங்கம் செட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருந்தது. பிள்ளைகளின் காவலைப் பற்றி நீதிபதி உத்தரவிடலாம் என்று அதன் 41 முதல் 44 வரையான பிரிவுகளில் எழுதப்பட்டிருந்தது. முஸ்லிம் குடும்பங்களில் ஹனஃபி மரபுப்படி மகன் ஏழு வயதுவரையும் மகள் பருவமடையும்வரையும் தாயின் வளர்ப்பில் இருக்கலாம். காப்பாளர் பொறுப்பு தகப்பனுடையது. ஆக, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த மூன்று குழந்தைகளுக்கு மூன்று விதமான சட்டம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக 1890-ல் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் வந்தது. இன்றும் அமலில் இருக்கும் அந்தச் சட்டத்துக்கு இரண்டு முகம். அதன் 17-ஆம் பிரிவு குழந்தையின் நலனைப் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. 19-ஆம் பிரிவோ, தகப்பன் உயிரோடு இருந்து தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை வேறு காப்பாளரை நியமிக்கவே கூடாது என்று தடுத்தது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் தகப்பனுக்கு இருந்த ஏகபோக உரிமையின் நிழல் அது. அங்கேயே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய் மனுச் செய்ய 1839-ல்தான் வழி பிறந்தது. குழந்தையின் நலனே முதன்மையானது என்று அங்கே சட்டத்தில் எழுத 1925 ஆயிற்று. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அப்போது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை: குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கே மனு போக வேண்டும். அந்த ஒரு வரியின் பலத்தை லண்டன்வரை காட்டிய வழக்கு சித்தூர்ச் சீமைக் குடும்பம் ஒன்றின் இரண்டு பையன்களைப் பற்றியது.

1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் தனி மாவட்டமானது. அதுவரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர்தான். குப்பத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கங்குந்தி ஜமீன் அந்த மாவட்டத்தில் இருந்தது. புது மாவட்டத்தில் கடப்பையிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்ட பகுதிகளில் மதனப்பள்ளியும் ஒன்று. அங்கே 1895 மே மாதம் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தகப்பனார் நாராயணய்யா வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி 1905-ல் இறந்துபோன பின், 1909-ல் பிள்ளைகளோடு சென்னை அடையாறு பிரம்ம ஞான சபையில் குடியேறினார். பையனிடம் உலக குருவுக்குரிய ஒளி இருப்பதாகச் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் சொன்னார். 1910 மார்ச்சில் நாராயணய்யா கையெழுத்திட்டு, கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்யானந்தாவுக்கும் சபைத் தலைவர் அன்னி பெசன்டைக் காப்பாளர் ஆக்கினார். பையன்கள் படிப்புக்காக இங்கிலாந்து போனார்கள். லெட்பீட்டரின் தொடர்பு பிடிக்காமல் தகப்பனார் மனம் மாறினார். 1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அடையாறு அப்போது அந்த எல்லைக்குள் இருந்தது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நாராயணய்யாவுக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர், பெசன்ட் தமக்காகத் தாமே வாதாடினார். நீதிபதி பேக்வெல் 1913 ஏப்ரலில் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். மூத்தவருக்குப் பதினெட்டு நிறைய ஒரு மாதமே இருந்தது. அன்றைய சட்டத்தில் நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு மைனர் பருவம் இருபத்தொன்று வரை நீளும். அதனால் அந்த ஒரு மாதம் வழக்கில் சின்ன விஷயமாக இருக்கவில்லை. சென்னையில் மேல்முறையீடும் பெசன்டுக்கு எதிராகவே முடிந்தது. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் இரண்டு தீர்ப்புகளையும் கவிழ்த்தது.

அந்தத் தீர்ப்பில் பெசன்ட் வென்றார். ஆனால் அதிலுள்ள சட்டம் அவர் பக்கம் முழுதாக நிற்கவில்லை. தகப்பனின் காப்பாளர் பொறுப்பு புனிதமான நம்பிக்கைப் பொறுப்பு. உயிரோடு இருக்கும்போது அதை எழுதிக்கொடுத்து வேறொருவருக்கு நிரந்தரமாக மாற்ற முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் ஒப்படைக்கலாம், குழந்தையின் நலன் வேண்டினால் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் திரும்பப் பெறலாம் என்றார்கள் பிரிவி கவுன்சில் நீதிபதிகள். வழக்கு தோற்றது இடத்தில். பையன்கள் இங்கிலாந்தில் இருக்க, அவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பதாகக் கொள்ள முடியாது. பொருளைக் கேட்பதுபோல் பிள்ளையைக் கேட்டு உரிமை வழக்குப் போடுவதும் முறையல்ல. பையன்களின் விருப்பத்தை யாரும் விசாரிக்கவில்லை. மணமுறிவு வழக்கு அல்ல இது. ஆனாலும் பிள்ளை தொடர்பான எந்த வழக்கிலும் வக்கீல்கள் இன்றுவரை முதலில் பார்க்கும் மூன்று விஷயங்கள் இதில் அடங்கிவிட்டன: ஒப்பந்தம் பிள்ளையைக் கட்டாது, இடம் முக்கியம், பிள்ளையின் சொல் கேட்கப்பட வேண்டும். பத்திரத்தாளில் ‘இனி குழந்தையின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்களுக்கு இந்த நூற்றாண்டுப் பழைய தீர்ப்பு இன்னும் புதுச் செய்திதான்.

இந்துக்களுக்குச் சட்டப்படி விவாகரத்து என்பது நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு முன்பே சித்தூருக்கு வந்தது. அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்ததே காரணம். 1949-ஆம் ஆண்டின் சென்னை இந்து இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம், இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுத்து விவாகரத்துக்கும் வழி திறந்தது. பம்பாய் மாகாணம் 1947-ல் இதே பாதையில் இறங்கியிருந்தது. எல்லைக்கு அப்பால், தங்கவயல் இருந்த மைசூர் சமஸ்தானத்தில் இந்தச் சட்டம் கிடையாது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு, ரயிலில் சில நிலையங்கள் கடந்தால் சட்டமே மாறியது.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு போனது. 1960-ல் எல்லைத் திருத்தத்தில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. குப்பம் பகுதி ஆந்திரத்திலேயே தங்கியது. மேல்முறையீட்டுக்குப் போகும் ஊரும் மாறிக்கொண்டே வந்தது: சென்னை, 1954-ல் குண்டூர், 1956-ல் ஐதராபாத், 2019 ஜனவரி 1 முதல் அமராவதி. குப்பத்திலிருந்து ஒரே ரயிலில் சென்னை போய் வந்தவர்களுக்கு இது சாதாரண மாற்றம் அல்ல. வக்கீல் ஃபீஸைவிடப் பயணச் செலவே பல மேல்முறையீடுகளைத் தடுத்திருக்கும். பழைய சென்னைத் தீர்ப்புகள் மட்டும் எல்லை கடந்து கூடவே வந்தன. பிரிவினைக்கு முந்தைய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் தம்மைக் கட்டுப்படுத்தும் என்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1955-ல் ஏற்றுக்கொண்டது.

1955 மே 18-ல் வந்த இந்து திருமணச் சட்டம் சென்னைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சாதி வழக்கப்படியான மணமுறிவை அது ஒழிக்கவில்லை. 29-ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்தது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தன் சமூகத்தில் உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து இரண்டாவது கல்யாணமே செல்லாது என்று கேட்டு அதிர்ந்த வழக்குகள் உண்டு. அந்த இரண்டாம் மணத்தில் பிறந்த பிள்ளைகளை மட்டும் 16-ஆம் பிரிவு கைவிடவில்லை. பெற்றோர் மணம் செல்லாவிட்டாலும் அவர்கள் முறையான பிள்ளைகளே. பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரியும் வழி 1976-ல் சேர்க்கப்பட்டது. ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தின் உயிர் 26-ஆம் பிரிவு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதும், தீர்ப்புக்குப் பிறகும், காவல், படிப்பு, பராமரிப்பு பற்றி நீதிமன்றம் உத்தரவிடலாம்; நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் இடைக்கால மனுவை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று 2001-ல் திருத்தம் வந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா பார்த்தவர்கள் அந்த ‘முடிந்தவரை’யின் எடையை அறிவார்கள்.

1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. 13-ஆம் பிரிவில் குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. ஆனால் இயற்கைக் காப்பாளர் முதலில் தகப்பன், அவருக்குப் ‘பிறகு’ தாய் என்று எழுதிய வரி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்துக் கேட்கப்பட்டது. அந்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், ‘பிறகு’ என்பதற்குத் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று கொள்ள வேண்டும் என விளக்கியது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் முட்டிய கதவுகளில் சில அதன் பிறகு திறந்தன. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தாயின் பெயரும் சேர 2010 ஆயிற்று. சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. சட்டப் புத்தகம் தீர்ப்பை எட்டிப் பிடிக்க மெதுவாகவே நடந்தது.

காவலைவிடப் பல வீடுகளில் அவசரம் பணம்தான். கைவிடப்பட்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவில் இருந்தது. 1973-ல் அது 125 ஆனது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சன்ஹிதாவில் 144. எண் மாறினாலும் ஊரில் பழைய எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். மதம் பார்க்காத பிரிவு இது. அதுவே இதன் பெரிய பலம். மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001-ல்தான் நீங்கியது. அதுவரை எந்தச் சம்பளக்காரரும் அந்த 500-க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்காகும் என்று அது வரையறுத்தது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது அதன் பிறகு வழக்கின் பாதி வேலையாகிவிட்டது.

இடம் பற்றிய கேள்விக்குத் திருப்பதி தனியாக ஒரு பங்கு வைத்திருக்கிறது. திருமணம் நடந்த இடத்து நீதிமன்றத்திலும் விவாகரத்து மனுப் போடலாம் என்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. எங்கெங்கோ வாழ்பவர்கள் திருமலையில் தாலி கட்டிக்கொள்வதால், ஒருநாளும் குடியிராத ஊரின் நீதிமன்றத்துக்கு அவர்கள் வழக்கு வர வழியிருக்கிறது. 1975-ல் திருப்பதியில் நடந்த அப்படியொரு திருமணத்திலிருந்துதான் நாட்டையே உலுக்கிய ஒரு தீர்ப்புப் பிறந்தது. அப்போது பதினாறு வயதுப் பள்ளி மாணவியாக இருந்தவர் பின்னாளில் திரைப்பட நடிகையாகப் புகழ்பெற்ற சரிதா. சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரிக் கணவர் கடப்பை சார்பு நீதிமன்றத்துக்குப் போனார். ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி 1983-ல், சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்தும் 9-ஆம் பிரிவே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றார். எப்போது குழந்தை பெறுவது என்பதைப் பெண்ணின் கையிலிருந்து அரசு பறிக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் மையம். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை ஏற்க மறுத்து, 9-ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்ற திருத்தம் 2003-ல் வந்தது. கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்கு, வேறு எந்தத் திருத்தத்தையும்விட இதுவே கண்கூடாக உதவியது.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களை முதலில் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்றப் பகுதிகளை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டது. சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை, ஆலோசகர்கள் இருக்க வேண்டும், வக்கீல் வைப்பது உரிமையாகக் கிடைக்காது என்பவை அதன் புதுமைகள். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் சிவில் நீதிமன்றங்களே இந்த மனுக்களைக் கேட்கின்றன. ஆந்திரத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் 2013-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய குடும்ப வழக்குகளை ஆரம்பத்திலேயே மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொன்னது. பஞ்சாயத்துக்குப் பழகிய ஊர்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே எழுதிக்கொள்ளும் உடன்பாட்டைப் பிள்ளையின் நலன் என்ற கண்ணாடி போட்டு நீதிபதி படித்துப் பார்க்கிறார்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு 1987-ல் இயற்றி 1995 நவம்பர் 9-ல் அமலுக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது அதன் 12-ஆம் பிரிவு. தாலுகாக்களைக் கலைத்து 1985-ல் மண்டலங்களை அமைத்த மாநிலம் என்பதால், மற்ற இடங்களில் தாலுகாக் குழு எனப்படுவது ஆந்திரத்தில் மண்டல சட்ட சேவைக் குழு. மாவட்ட ஆணையம் சித்தூரில். 15100 என்ற தேசிய எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மாநில எல்லைதான் இன்னும் அவிழாத முடிச்சு. கணவர் தங்கவயலில் வழக்குப் போட, மனைவி சாந்திபுரத்தில் இருந்தால், அந்த வழக்கை ஆந்திரத்துக்கு மாற்ற சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டும். பக்கத்து ஊர் வழக்கை இந்தப் பக்கம் நகர்த்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஒரு மனு. காப்பாளர் மனுவுக்கு மட்டும் அந்தப் பழைய 9-ஆம் பிரிவே அளவுகோல். குழந்தை எங்கே வழக்கமாக வசிக்கிறது என்பது வாழ்ந்த விதத்தையும் எண்ணத்தையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டிய உண்மைக் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ருச்சி மஜூ வழக்கில் விளக்கியது. பள்ளிச் சான்று, அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு ஆகியவை அங்கே சாட்சியாகப் பயன்படுகின்றன. வழக்கு வரும் என்று தெரிந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுவதால் வசிப்பிடம் மாறிவிடாது.

சேர்ந்து வளர்க்கும் முறையைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 மே மாதத்து 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு அதன் கூறுகளைக் கையாள்கின்றன: வார இறுதி ஒருவரிடம், கோடை விடுமுறையில் பாதி மற்றவரிடம், பள்ளிக் கூட்டத்துக்கு இருவரும். காவல் கிடைக்காத பெற்றோருக்குச் சந்திக்கும் உரிமையோடு, முடிந்தால் தினமும் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசும் உரிமையும் வேண்டும் என்று 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய வழக்கு அது. இடம் பற்றிய பழைய கேள்விக்குத் திரும்பினால், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சாந்திபுரம் சித்தூரோடேயே இருந்தது. அதனால் இங்குள்ள குடும்பங்களின் காப்பாளர் மனு இப்போதும் சித்தூர் மாவட்ட எல்லைக்குள்தான் எண் பெறுகிறது.